கேட்பாரற்ற ஸ்கூட்டர் யாருக்குச் சொந்தம்?

(நமது நிருபர்)

ராமச்சந்திராபுரம் பக்கம் மரத்தடியிலோ சுவரோரத்திலோ மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் ஸ்கூட்டரைப் பார்த்திருப்பீர்கள். "யாரும் கேட்கவில்லையே, நாம் எடுத்து ஓட்டினால் என்ன?" என்று ஷிப்டு முடிந்து வரும் நம்மவர்களுக்கு ஆசை வருவது இயற்கை.

வேண்டாம். கண்டெடுத்தவர் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. உரியவரைத் தேடாமல் தனதாக்கிக் கொண்டால் பாரதிய நியாய சம்ஹிதை 314-வது பிரிவின்படி குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. கடலோரத்தில் ஒதுங்கும் படகானாலும் சர்க்கார் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதே சட்டம்.

போலீஸ் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள். அது திருட்டு வண்டியாக இருக்கலாம். பறிகொடுத்தவரும் நம்மைப் போல மாதச் சம்பளக்காரர்தானே! கேட்பாரற்ற வண்டிகள் பற்றி சைபராபாத் போலீஸ் கமிஷனர் அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். 6 மாதத்துக்குள் உரியவர் வந்து கேட்கலாம். கடன் கொடுத்த பாங்கியும் கேட்கலாம். யாரும் வராவிட்டால் பகிரங்க ஏலம். அதில் நீங்களும் கேட்கலாம்.

ஏலத்தில் எடுத்ததோடு வேலை முடியவில்லை. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள், 32-ம் எண் படிவத்தில், ஏல உத்தரவு நகலும் விற்பனையை உறுதி செய்யும் கடிதமும் இணைத்து, ஆர்.டி.ஏ. ஆபீசில் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். உடைப்பதற்கென்று பழைய இரும்பாக விற்கும் வண்டிக்கு இது பொருந்தாது. அதை ரோட்டில் ஓட்ட முடியாது. ஏல நிபந்தனையைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "பேப்பர் பிறகு தருகிறேன்" என்று வரும் தரகரிடம் போனஸ் பணத்தை நீட்டிவிடாதீர்கள்.