தேவாலாவில் தங்கம் உண்டு, ஆனால்...

நீலகிரி மாவட்டத்தின் தேவாலா, பந்தலூர் பகுதிகளில் தங்கம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஓடை மணலை அலசிப் பொன் எடுக்கும் வழக்கம் ஆங்கிலேயர் வருமுன்பே அங்கிருந்தது. ஐயத்துக்குரியது அதன் அளவுதான்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் புகழ்பெற்ற பிரஃப் ஸ்மித் 1879-இல் இங்கு வந்து ஆராய்ந்து, நம்பிக்கையூட்டும் அறிக்கை அளித்தார். லண்டனில் நிறுவனங்கள் புற்றீசலாய் முளைத்தன. சில ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய அனைத்தும் சரிந்தன.

காரணம் பாறையில் இருக்கிறது. இங்கு பொன், நைஸ் பாறைகளை ஊடுருவிய குவார்ட்ஸ் நரம்புகளில், பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமத்தோடு சேர்ந்து கிடக்கிறது. பெருமழையில் மேற்பரப்பு சிதையும்போது பைரைட் துருவாகி அரிக்கப்பட, கரையாத பொன் அங்கேயே தங்கிச் செறிவடைகிறது. எனவே மேலே எடுத்த மாதிரி வளமாகத் தோன்றும். ஆழத்திலோ பொன் குறைவு; உள்ளதும் சிதையாத பைரைட்டில் சிக்கிப் பாதரசத்துக்கு எளிதில் அகப்படாது. ஒரு டன்னுக்கு ஒரு கிராம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு! நரம்பு ஆழத்தில் தொடர்கிறதா என்று அறியுமுன்பே ஆலைகளை இறக்கியதுதான் அன்றைய பிழை.

கோலாரும் 1880-களில் கைவிடப்படும் நிலைக்கு வந்தது; ஆழத்தில் வளமான நரம்பு தென்பட்டதால் பிழைத்து, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்று, 2001-இல் மூடப்பட்டது. தேவாலாவுக்கு அந்த நரம்பு வாய்க்கவில்லை.

வாய்த்தது கைவிடப்பட்ட சுரங்கங்கள் மட்டுமே. பிழைப்புக்காக உரிமமின்றி இன்றும் அவற்றில் இறங்குவோர் உண்டு. மழையில் ஊறிய மண் சரிகிறது. பொன்னைப் பிரிக்கச் சூடாக்கும் பாதரசத்தின் ஆவி நுரையீரலில் சேர்கிறது. புதிய ஆய்வுக்கு முன், இச்சுரங்க வாய்களைக் கணக்கெடுத்து அடைப்பதே அரசின் முதல் வேலை.