கத்தியின்றிக் காத்தல்

மனித உடலில் குருதி ஓயாது ஓடிக்கொண்டிருக்கிறது. இதயத்தினின்று அதனை உறுப்புகளுக்கு எடுத்துச் செல்லும் குழாய்களைத் தமனிகள் என்றும், மீண்டும் இதயத்திற்குக் கொணரும் குழாய்களைச் சிரைகள் என்றும் கூறுவர். தமனியில் ஓடும் குருதி மிக்க விசையுடையது. ஆதலின் அதில் விழும் சிறு துளையும் பெருந்தீங்கு விளைக்கக் கூடும்.

1929ஆம் ஆண்டில் வெர்னர் பார்ஸ்மன் என்னும் செருமானிய இளம் மருத்துவர், தம் கைச்சிரை வழியே மெல்லிய குழலொன்றைத் தாமே செலுத்தி, அஃது இதயத்தை அடைந்ததை எக்ஸ் கதிர்ப் படத்தால் மெய்ப்பித்தார். அவருக்கு 1956இல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. 1953இல் சுவீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர், உடலை அறுக்காது, ஊசித் துளையில் கம்பியை நுழைத்து அதன்மேல் குழலைச் செலுத்தும் முறையை வெளியிட்டார். கதீட்டர் எனப்படும் இக்குழலால் இன்று இதயத் தமனிகளின் அடைப்பைக் கண்டறிகின்றனர்; நீக்கவும் செய்கின்றனர். அம்பத்தூரை அடுத்த முகப்பேரிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இத்தகைய இதய மருத்துவத்திற்குப் பெயர் பெற்றதாகும்.

கதீட்டரைத் தொடையின் மேற்பகுதித் தமனி வழியாகச் செலுத்துவதுண்டு. பணி முடிந்ததும் குழலை எடுத்துவிட்டுத் துளையின்மேல் அழுத்திப் பிடிப்பர். குருதி உறைந்து துளை மூடும். சிலருக்கு மட்டும் அது மூடுவதில்லை. பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் போன்றதோர் ஏரியை எண்ணிப் பாருங்கள். கரையில் சிறு துளை விழுந்தால் நீர் கசிந்து, வெளியே குட்டையாய்த் தேங்குமன்றோ? அதுபோலவே தமனியினின்று கசிந்த குருதி, சுற்றியுள்ள தசைகளுக்கிடையே தேங்கித் துடிக்கும் கட்டியாகிறது. இதனைப் போலித் தமனி வீக்கம் என்பர். இது வெடிப்பின் உயிருக்கே இறுதியாகலாம்.

முன்னர் இதற்கு அறுவை மருத்துவமே வழியாக இருந்தது. இதயநோயால் நலிந்தவர் மீண்டும் கத்திக்கு ஆட்படுதல் எளிதோ? இந்நிலையில் 1991இல் அமெரிக்க மருத்துவர் பெல்மெத் முதலியோர், மிகையொலி அலைக் கருவியால் கசிவைப் படத்தில் பார்த்துக்கொண்டே, அக்கருவியாலேயே அவ்விடத்தை அழுத்தி அடைக்கும் முறையை வெளியிட்டனர். கத்தி தவிர்ந்தது, எனினும் நெடுநேர அழுத்தத்தால் நோயாளி வலியுற்றார். குருதியை உறையச் செய்யும் திராம்பின் என்னும் பொருளை நுண்ணூசியால் வீக்கத்தினுள் செலுத்துவது மற்றொரு முறை. பெரும்பாலும் சில நொடிகளிலேயே கசிந்த குருதி உறைந்துவிடும். ஆயினும் மருந்து தமனிக்குள் புகுந்தால் காலின் குருதியோட்டமே தடைப்படும். ஆகவே கைத்திறன் மிக்கவரே இதனைச் செய்தற்குரியர். மிகச் சிறிய வீக்கங்கள் தாமாகவே மூடிக்கொள்வதும் உண்டு.

எனினும், கத்தியை அறவே விலக்கிவிட இயலாது. வீக்கம் விரைந்து வளர்ந்தாலோ, சீழ் பிடித்தாலோ, மேல்தோல் நலிந்தாலோ அறுவை மருத்துவமே உயிர் காக்கும். வருமுன் காக்கும் பொருட்டு, இக்காலத்தில் மணிக்கட்டுத் தமனி வழியாகவே கதீட்டரைப் பெரிதும் செலுத்துகின்றனர்.

மாணவர்களே! மருத்துவர் தம் கடமையைச் செய்யினும், நோயாளியின் ஒத்துழைப்பும் வேண்டும். சொன்ன நேரம் வரை காலை மடக்காது படுத்திருத்தல் வேண்டும். வீடு திரும்பிய பின் துளையிட்ட இடத்தில் வீக்கமோ துடிப்போ வலியோ தோன்றின், நாணியோ அஞ்சியோ மறைத்தலாகாது. உடனே மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். கசியும்போதே கரையை அடைப்பவன் ஊரைக் காக்கிறான்; காலத்தே உரைப்பவன் தன் உயிரைக் காக்கிறான்.