எடை கூடினால் எஞ்சின் எதற்கு?

புதிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய பேச்சில் முதலில் வந்து விழுவது குதிரைத்திறன் எண்தான். புகாட்டி டூர்பியான் 1,800, கார்வெட் இசட்ஆர்1 1,064, லம்போர்கினி டெமெராரியோ 920. இந்த எண்களை வைத்து ஒரு காரை மதிப்பிடுவது தவறு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எஞ்சின் எவ்வளவு எடையை இழுக்கிறது, சுழலும் பாகங்களை எவ்வளவு லேசாக வைத்திருக்கிறது என்பவைதான் அதன் தரத்தைக் காட்டும். ராஜபாளையத்துக்காரர்கள் இதை விளங்கிக்கொள்ள இத்தாலிவரை போக வேண்டாம். பக்கத்துத் தெருவில் நூற்பாலை ஓடுகிறது.

பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலத்திலிருந்து வேகமாகச் சுழலும் இயந்திரம் இந்த ஊருக்குப் பழக்கம். நூல் நூற்கும் இன்றைய ரிங் ஃப்ரேமில் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 20,000 சுற்றுவரை போகிறது. சாலையில் ஓடும் கார் எஞ்சின்களில் மிக வேகமாகச் சுற்றுபவற்றுள் ஒன்றான, கார் வடிவமைப்பாளர் கார்டன் மர்ரேயின் டி.50 கார் எஞ்சினுக்கே 12,100தான் உச்சம். ஸ்பிண்டிலை இன்னும் வேகமாக ஓட்டவிடாமல் தடுப்பது எது? மோட்டாரின் பலக்குறைவு அல்ல. ரிங்கின் விளிம்பில் வழுக்கி ஓடும் டிராவலர் என்ற சின்னஞ்சிறு எஃகுக் கொக்கிதான் தடை. வேகம் கூடினால் அது சூடேறித் தேய்கிறது, நூல் அறுந்துபோகிறது. அதனால்தான் நூல் மெல்லிதாகி அதன் கவுன்ட் ஏற ஏற லேசான டிராவலர் போடுகிறார்கள். அங்கே மில்லிகிராம்கூடக் கணக்கில் வரும். எஞ்சினுக்குள் நடப்பதும் இதே கதைதான். சுற்று இரட்டிப்பானால் கனெக்டிங் ராடைப் பிய்த்தெடுக்கப் பார்க்கும் விசை நான்கு மடங்காகும். காஸ்வொர்த் நிறுவனம் டி.50-க்குச் செய்த 3.9 லிட்டர் வி12 எஞ்சினில் கனெக்டிங் ராடும் வால்வும் டைட்டானியத்தால் ஆனவை. முழு எஞ்சினே 178 கிலோதான். 663 குதிரைத்திறன் தரும் அந்த எஞ்சின் இழுக்கும் காரின் எடை 1,000 கிலோவைத் தாண்டவில்லை. டர்போவும் கிடையாது.

எதிர்த்திசையில் போனவர்களுக்கு என்ன ஆனது என்றும் பார்க்க வேண்டும். மெர்சிடிஸ் ஏஎம்ஜி தன் சி63 காரில் இருந்த வி8 எஞ்சினை எடுத்துவிட்டு, 2 லிட்டர் நாலு சிலிண்டர் டர்போ எஞ்சினையும் மின்மோட்டாரையும் சேர்த்துப் போட்டது. காகிதத்தில் பிரமாதம். 510 குதிரைத்திறன் 680 ஆனது. ஆனால் காரின் எடை முந்நூறு கிலோவுக்கு மேல் கூடி இரண்டு டன்னைத் தாண்டியது. 170 குதிரைத்திறன் கூடியும் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரத்தில் மிச்சமானது அரை விநாடி அளவுதான். வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். வி8 போனதே அதற்குக் காரணம் என்பார்கள். சத்தம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கூடுதல் சக்தியில் பெரும்பகுதி கூடுதல் எடையைச் சுமக்கவே செலவாகிவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

ஹைபிரிட் என்றாலே எடைதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2024இல் வந்த போர்ஷே 911 ஜிடிஎஸ் இதற்கு நல்ல பதில். அதில் இருப்பது 1.9 கிலோவாட் மணி கொண்ட சிறு பேட்டரி. மின்மோட்டார் டர்போவையே சுழற்றிவிடுவதால், ஆக்சிலரேட்டரை மிதித்ததும் காத்திருக்க வேண்டியதில்லை. எடை ஏறியது சுமார் 50 கிலோ மட்டுமே. நூர்பர்க்ரிங் தடத்தில் முந்தைய காரைவிட 8.7 விநாடி மிச்சம். மின்சாரத்தைக் குற்றம் சொல்வதற்கில்லை என்று இது காட்டுகிறது. எத்தனை கிலோவுக்கு என்ன பலன் என்று கணக்குப் பார்த்துச் சேர்த்தார்களா என்பதே கேள்வி.

இன்னொரு மறுப்பு கனமானது: லேசான கார் என்பது டைட்டானியமும் கார்பன் ஃபைபரும் வாங்கக் கூடிய கோடீஸ்வரர்களின் விளையாட்டு, நமக்கென்ன? இதற்குத் தமிழ்நாட்டிலேயே பதில் உண்டு. கோயம்புத்தூர்ப் பஞ்சாலைக் குடும்பத்தில் பிறந்த கரிவரதன், மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டினார். சந்தைக்குப் போகும் குடும்பக் காரில் இருந்த அதே எஞ்சின்தான். மேலே இருந்த உடம்பை இறக்கி வைத்ததும் அது பந்தய எஞ்சின் ஆகிவிட்டது. 2005இல் ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் பழகியது ஃபார்முலா மாருதி என்ற அந்தக் காரில்தான்.

பந்தயத் தடத்தை விட்டு நம் ஊர்ச் சாலைக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். பஞ்சு லாரியும் டவுன் பஸ்ஸும், கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டை வழியாகச் சபரிமலை போகும் வேன்களும் நெருக்கும் சாலை அது. 1,000 குதிரைத்திறனுக்கு அங்கே வேலை கிடையாது, பிரேக்குக்கு நிறைய உண்டு. ஒரே வேகத்தில் வரும்போது இரண்டு டன் காரை நிறுத்த, ஒரு டன் காரை நிறுத்துவதைப் போல இரண்டு மடங்கு வெப்பத்தைப் பிரேக் தாங்கியாக வேண்டும். ஏர்பேகும் மோதலைத் தாங்கும் சட்டமும் எடை கூட்டத்தான் செய்யும், அவற்றைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்த எடைக்கு ஓர் உயிர் பதில் சொல்கிறது. பார்வைக்காக நான்கு அங்குலம் பெரிதாக்கிய சக்கரத்தின் எடைக்கு யார் பதில் சொல்வது?

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணன்கோவிலில் ஆட்டோமொபைல் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய களம் ஒன்று இருக்கிறது. கரிவரதன் பெயரைத் தாங்கிய கோயம்புத்தூர்த் தடத்தில் நடக்கும் மாணவர் போட்டியான ஃபார்முலா பாரத். எஞ்சின் 710 சிசியைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் எஞ்சின் இழுக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் துளை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. சக்திக்கு இப்படி உச்சவரம்பு விழுந்தபின் ஒரு மாணவர் குழு எங்கெங்கே கிராம்களைத் தேடுகிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.