செவி ஏற்பதும் சிந்தை தேர்வதும்

எழுதிய ஏட்டிற் சொற்களுக்கிடையே வெளி உண்டு. பேச்சில் அவ்வெளி பெரும்பாலும் இல்லை. ஒலிகள் இடையறாது தொடர்ந்து வருகின்றன. அவ்வாறாயின், ஒரு சொல் முடிந்து மறுசொல் தொடங்குமிடத்தைக் கேட்போர் அறிவது எங்ஙனம்?

இதற்குத் தொல்காப்பியத்தில் விடை உண்டு. எழுத்தால் ஒன்றாயிருந்து பொருளால் வேறுபடுந் தொடர்கள் ஒலிக்கும் இசையால் வேறுபடும் என்றும், அவை குறிப்பால் உணரப்படுவனவன்றி எழுத்து விதியால் அறுதியிடப்படுவன அல்ல என்றும் புணரியலின் ஈற்றுச் சூத்திரங்கள் இரண்டும் உரைக்கின்றன. ‘செம்பொன்பதின்றொடி’ என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். ‘செம்பொன்’ என நிறுத்தின் பொன் பத்துத் தொடி. ‘செம்பு’ எனப் பிரித்திசைப்பின் செம்பு ஒன்பது தொடி. நிறுத்தும் இடம் பிழைத்தாற் பொன் செம்பாகிவிடும்!

ஆங்கிலத்தில் அழுத்தமும் இத்தகைய தொழிலைச் செய்கின்றது. ‘இம்போட்’ என்பதன் முதலசையை அழுத்தினால் இறக்குமதி என்னும் பெயர். ஈற்றசையை அழுத்தினால் இறக்குமதி செய் என்னும் வினை. தமிழில் அழுத்தம் இங்ஙனம் பொருளை வேறுபடுத்துவதில்லை. நமக்குத் துணையாவன குறில் நெடில், ஒற்று மிகுதல், நிறுத்தம் ஆகியன. ‘வேலை கொடுத்தான்’ எனின் தொழில். ‘வேலைக் கொடுத்தான்’ எனின் வேலாயுதம்.

இவை யாவற்றினும் வலியது சந்தர்ப்பம். 1970 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் றிச்சட் வாறன், பதிவு செய்த வாக்கியமொன்றில் ஓரொலியை நீக்கி, அவ்விடத்தில் இருமலொலியைச் சேர்த்துக் கேட்பித்தார். கேட்ட 20 பேருள் 19 பேர் பேச்சொலி எதுவுங் குறையவில்லை என்றனர். குறைந்ததைச் சிந்தையே நிரப்பிற்று.

இவ்வுண்மை வகுப்பறைக்குப் பெரிதும் வேண்டப்படுவது. சொல்வதெழுதலில் ஆசிரியர் ‘கிளி’ எனத் தனிச்சொல்லாகக் கூறுகின்றார். ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் வழக்கிடையே வளர்ந்த சிறுவன் ‘கிழி’ என எழுதுகின்றான். ‘காது கேளாதவனோ!’ எனக் கடிவாரும் உளர். அவன் செவியிற் குறையில்லை. தேர்வதற்கு வேண்டிய சந்தர்ப்பமே அவனுக்குக் கிடைத்திலது. ‘கிளி பழந் தின்றது’ எனத் தொடராகச் சொல்லின் அவன் பிழைபட எழுதுதல் அரிது.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கும் இது பொருந்தும். பிள்ளைகளுக்குத் தமிழ்ச் சொற்களைப் பட்டியலாகக் கற்பித்தல் மட்டும் போதாது. உணவு வேளையிலும் விளையாட்டிலும் முழு வாக்கியங்களாற் பேசுதல் வேண்டும். சந்தர்ப்பத்தோடு கேட்ட சொல்லையே பிள்ளை மறுமுறை கேட்கும்போது இனங்கண்டுகொள்ளும்.