திரவமாகி ரயிலேறி வந்த பிராணவாயு!

பெங்களூர் ஒயிட்பீல்டு கன்டெய்னர் முனையத்துக்கு 2021-ம் ஆண்டு மே 11-ந் தேதி ஜாம்ஷெட்பூரிலிருந்து ஒரு தனி ரயில் வந்து சேர்ந்தது. கொரோனா இரண்டாவது அலையில் ஆஸ்பத்திரிகள் பிராணவாயுவுக்குத் தவித்துக் கொண்டிருந்த நேரம் அது. ரயிலில் 6 டாங்கிகள். அவற்றில் 120 டன் பிராணவாயு. அத்தனையும் தண்ணீரைப் போல் ஓடும் திரவம்!

கண்ணுக்குத் தெரியாத வாயு திரவமானது எப்படி?

அடுப்படிப் பாடம்

உறைந்த நெய் சூடு பட்டால் உருகுகிறது. திடப்பொருளைத் திரவமாக்கச் சூடு கொடுக்க வேண்டும். வாயுவுக்கோ சூட்டை எடுக்க வேண்டும். இட்லிப் பானை மூடியின் உட்புறம் நீர் சொட்டுகிறதல்லவா? நீராவி சூட்டை இழந்து மீண்டும் தண்ணீரானதுதான் அது.

சமையல் காஸுக்கு அழுத்தமே போதும். சிலிண்டரை அசைத்தால் உள்ளே தளும்புவது அந்தத் திரவம்தான்.

பிராணவாயு அவ்வளவு எளிதில் மசியாது. மைனஸ் 118 டிகிரிக்குக் கீழே குளிர வைக்காமல், எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. 1877-ல்தான் விஞ்ஞானிகள் முதன்முதலாக அதைத் திரவமாக்கிக் காட்டினர்.

ஆலைகளில் காற்றை அழுத்தி, அதில் எழும் சூட்டை நீக்கி, பிறகு சட்டென்று விரிய விடுகிறார்கள். விரியும் காற்று குளிர்கிறது. இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் காற்றே திரவமாகிவிடும். அதிலுள்ள நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலேயே கொதித்துப் பிரிகிறது. பிராணவாயு கொதிக்க மைனஸ் 183 டிகிரி வேண்டும். எனவே அது அடியில் தங்குகிறது. உருக்குத் தயாரிக்கவும் பிராணவாயு தேவை. அதனால்தான் இரும்பு நகரமான ஜாம்ஷெட்பூரில் அது கிடைத்தது.

பிளாஸ்க் தத்துவம்

நாம் டீ எடுத்துச் செல்லும் பிளாஸ்க், 1892-ல் ஜேம்ஸ் டூவார் என்ற விஞ்ஞானி குளிர்ந்த திரவங்களைக் காக்கச் செய்த கலம். இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். ரயிலில் வந்த டாங்கிகளும் அதே தத்துவம்தான். ஆனாலும் வெளிச்சூடு மெல்ல உள்ளே புகும். திரவம் கொஞ்சங் கொஞ்சமாக வாயுவாகும். தாமதிக்க முடியாது. ஆகவே இந்த ரயில்களுக்கு வழியெங்கும் முன்னுரிமை தரப்பட்டது.

ஏன் இவ்வளவு சிரமம்? ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாக விரியும். அந்த 120 டன்னை வாயுவாக அனுப்பியிருந்தால், 7 கன மீட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர்கள் ஏறக்குறைய 13,000 தேவைப்பட்டிருக்கும்!

மே 21-ந் தேதி பெங்களூர் வந்த மற்றொரு பிராணவாயு ரயிலை, ஜோலார்பேட்டையிலிருந்து பெண் ஊழியர்களே ஓட்டி வந்தனர். டாங்கியில் வந்த அந்தத் திரவம் ஆஸ்பத்திரிக் குழாய்களில் மீண்டும் வாயுவாகி, படுக்கையில் கிடந்தவர்களுக்கு மூச்சாயிற்று.