வீட்டு வண்ணப்பூச்சுத் தொழில்: கருவித் தேர்வும் விளம்பரமும் (செஞ்சி வட்டாரம்)

வீடுகளின் சுவர், கூரையின் உட்பகுதி, கதவு, சன்னல், கம்பி வேலைகள் ஆகியவற்றைச் சுத்தம் செய்து, பட்டி பார்த்து, வண்ணம் பூசித் தருவது வீட்டு வண்ணப்பூச்சுத் தொழில் ஆகும். பேச்சு வழக்கில் இது பெயிண்டிங் வேலை எனப்படுகிறது. இரண்டு அல்லது மூன்று பேர் சேர்ந்து, குறைந்த முதலீட்டில் தொடங்கக்கூடிய தொழில் இது. விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சி போன்ற சிறு நகரங்களில் வேலை பெரும்பாலும் ஒருவர் சொல்லி மற்றொருவருக்குத் தெரிவதன் மூலமே கிடைக்கிறது. ஆகவே கருவிகளைத் தேர்ந்தெடுப்பதும் தொழிலை விளம்பரப்படுத்துவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. சுவரைச் சரியாகத் தயார் செய்ய உதவும் கருவிகளை வைத்திருப்பவரின் வேலை நீடிக்கும். நீடிக்கும் வேலையே அடுத்த வேலையைக் கொண்டுவரும்.

வட்டாரப் பின்னணி

செஞ்சி, திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூராட்சி ஆகும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்ட செஞ்சிக் கோட்டையால் இவ்வூர் அறியப்படுகிறது. 2025 சூலையில் யுனெசுகோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியப் படைத்துறைக் கோட்டைகளுள் தமிழ்நாட்டிலுள்ள ஒரே கோட்டை இதுவாகும்.

கோட்டையின் கல்யாண மகால், தானியக் களஞ்சியம் போன்ற கட்டடங்களில் சுண்ணாம்புக் காரைப் பூச்சைக் காணலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் பழைய ஓட்டு வீடுகளிலும் சுண்ணாம்புச் சுவர்களே மிகுதி. நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, சிறிது நீலமும் வச்சிரமும் கலந்து, நார் மட்டையால் பூசுவது வெள்ளையடித்தல் எனப்பட்டது. தாழை விழுதின் நுனியை நசுக்கியும் இத்தகைய மட்டைகள் செய்யப்பட்டன. பின்னர் டிஸ்டம்பரும், அதன்பின் எமல்ஷன் வகைப் பூச்சுகளும் பரவின.

இன்று ஒரே தெருவில் சுண்ணாம்புச் சுவர் உள்ள பழைய வீடும் சிமெண்டு பூசிய மாடி வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டிற்கும் ஒரே முறை பொருந்தாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் காற்றுப் புகாத தடித்த பூச்சை ஏற்றினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு கொப்புளித்து உரியும். அத்தகைய சுவருக்கு மீண்டும் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. வீட்டுக்காரர் எமல்ஷன்தான் வேண்டும் என்றால், இதனால் வரக்கூடிய பாதிப்பை வேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பருவமும் சுவரின் ஈரமும்

இத்தொழிலில் வேலை குவியும் காலம் பொங்கலுக்கு முந்தைய வாரங்கள் ஆகும். அடுத்துத் தை, மாசி, பங்குனி மாதத் திருமணங்களும் புதுமனை புகுவிழாக்களும் வரும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். அதாவது, வண்ணம் பூச எல்லோரும் அழைக்கும் நேரத்தில்தான் சுவர்களில் ஈரம் மிகுந்திருக்கும்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழையைக் கொட்டியது. அடுத்த பொங்கல் 2025 சனவரி 14 அன்று வந்தது. இடையில் இருந்தவை 45 நாட்களே. நீரில் ஊறிய சுவர் காய்வதற்கும், பட்டி பார்த்து இரண்டு கோட்டிங் அடிப்பதற்கும் அந்த நாட்களே கிடைத்தன. இத்தகைய ஆண்டில் எல்லா வேலைகளையும் ஒப்புக்கொள்பவர் ஈரச் சுவரில் பூச நேரிடும். சில மாதங்களில் அது உரியத் தொடங்கும்.

ஈரத்தை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை அடிச் சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி ஒட்டி, ஓர் இரவு முழுவதும் விட வேண்டும். காலையில் தாளின் உட்புறம் நீர்த்துளிகள் இருந்தாலோ, சுவரின் நிறம் அடர்ந்திருந்தாலோ அது இன்னும் காயவில்லை என்று பொருள். ஓதம் ஏறிய சுவரில் வெண்மையாக உப்புப் பூத்திருக்கும். அதை உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுத்து, நீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து சரிசெய்த பிறகே பூச வேண்டும். புதிய சிமெண்டுப் பூச்சு குறைந்தது 28 நாட்களாவது காய வேண்டும்.

கருவித் தேர்வு

முன்வேலைக் கருவிகள்: பழைய பூச்சைச் சுரண்டும் பட்டி பிளேடு, கம்பித் தூரிகை, பல தர உப்புத்தாள்கள், சுத்தியல், வாளி, பழந்துணி ஆகியவை முதலில் வாங்க வேண்டியவை. உப்புத்தாளின் எண் கூடக்கூட அதன் சொரசொரப்பு குறையும். பழைய பூச்சைத் தேய்க்க 80 அல்லது 120, பட்டியைச் சமன் செய்ய 180 அல்லது 220, கடைசி மெருகுக்கு 320 என்ற வரிசை பொதுவானது. ஒரு வேலையின் ஆயுளை முடிவு செய்வதில் விலை குறைந்த இக்கருவிகளுக்கே பெரும்பங்கு உண்டு.

தூரிகை: சுவருக்கு 4 அல்லது 5 அங்குலம், மூலைகளுக்கும் ஓரங்களுக்கும் 2 அங்குலம், சன்னல் கம்பிகளுக்கு 1 அங்குலம் போதுமானவை. இயற்கை மயிர்த் தூரிகை எண்ணெய் எனாமலுக்கு ஏற்றது. நீரில் கரையும் எமல்ஷனில் அது நீரை உறிஞ்சித் துவண்டுவிடும் என்பதால், அதற்குச் செயற்கை இழைத் தூரிகையே பொருந்தும். வாங்கும்போது தூரிகையை உள்ளங்கையில் தட்டிப் பார்க்க வேண்டும்; மயிர் உதிர்ந்தால் அது சுவரிலும் ஒட்டிக்கொள்ளும்.

ரோலர்: 9 அங்குல ரோலர் பொதுப் பயன்பாட்டுக்கு உகந்தது. வழவழப்பான உட்சுவருக்குக் குட்டை இழையும், சொரசொரப்பான வெளிச்சுவருக்கு நீண்ட இழையும் வேண்டும். நீட்டிப்புக் கம்பு ஒன்று இருந்தால் உட்கூரைக்கு ஏணியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

தெளிப்பு இயந்திரம்: காற்றில்லாத் தெளிப்பு இயந்திரம் வேகமானது. மண்டபம், புதிய காலி வீடு, நீண்ட சுற்றுச்சுவர் ஆகியவற்றுக்குப் பயன்படும். ஆனால் பொருட்கள் நிறைந்த சிறு வீட்டில் தரை, சன்னல், மின்விசிறி என எல்லாவற்றையும் மூடுவதற்கே நேரம் போய்விடும். பெயிண்டும் கூடுதலாகச் செலவாகும். இதன் முனையிலிருந்து வரும் மிகை அழுத்தம் பெயிண்டைத் தோலைத் துளைத்து உள்ளே செலுத்தவல்லது. வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய காயம் அது. தொழிலைத் தொடங்குபவர் கடன் வாங்கி இயந்திரம் வாங்குவதைவிட, தேவைப்படும் நாளில் வாடகைக்கு எடுப்பது நல்லது.

ஏணியும் சாரமும்: மடக்கு ஏணி உள்வேலைக்குப் போதும். சாய்வு ஏணியை நான்கடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். மாடி வீட்டின் வெளிச்சுவருக்குச் சவுக்குக் கட்டைச் சாரமோ வாடகை இரும்புச் சாரமோ தேவை. மின்கம்பிகளுக்கு அருகே உலோக ஏணியைக் கொண்டுசெல்லவே கூடாது.

பாதுகாப்பு

இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட எனாமலில் ஈயம் மிகுந்திருக்கலாம். எனவே பழைய கதவு, சன்னல்களை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்துத் தேய்ப்பதும், தூளைத் துணியால் ஒற்றி எடுப்பதும், குழந்தைகளை அப்பக்கம் விடாமல் இருப்பதும் அவசியம். பட்டி தேய்க்கும்போது நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசமும், சுண்ணாம்பு பூசும்போது கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் நிறைய தண்ணீரால் தொடர்ந்து கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அளவும் மதிப்பீடும்

கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையின் சுற்றளவு 44 அடி. நான்கு சுவர்களின் பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, ஒரு சன்னலுக்கு 16 சதுர அடி கழித்தால் 403 சதுர அடி மிஞ்சும். உட்கூரை 120 சதுர அடி. பெயிண்ட் டப்பாவில் ஒரு லிட்டர், ஒரு கோட்டிங்கிற்கு 200 சதுர அடி வரும் எனக் குறித்திருந்தால், சுவர்களுக்கு இரண்டு கோட்டிங் அடிக்க ஏறத்தாழ 4 லிட்டரும், உட்கூரைக்கு 1.2 லிட்டரும் தேவை. சொரசொரப்பான சுவர் இதைவிடக் கூடுதலாகக் குடிக்கும்.

மதிப்பீட்டைத் தாளில் எழுதித் தருவது பின்னால் வரும் பெரும்பாலான சச்சரவுகளைத் தவிர்க்கும். பரப்பு, எத்தனை முறை பட்டி, பிரைமர் உண்டா, எத்தனை கோட்டிங், எந்த வகைப் பெயிண்ட், கூலி மட்டுமா அல்லது பொருளுடனா, முன்பணம் எவ்வளவு, முடியும் நாள் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

பெயிண்ட் வாளிகளிலும் பட்டி மூட்டைகளிலும் பெயிண்டர்களுக்கென நிறுவனங்கள் டோக்கன் வைப்பது வழக்கம். அந்த டோக்கனுக்காகவே ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறார் என்ற ஐயம் வீட்டுக்காரருக்கு வந்தால், எவ்வளவு நல்ல வேலையும் நம்பிக்கையைப் பெறாது. டோக்கன் இருப்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, இரண்டு மூன்று பொருட்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டித் தேர்வை வீட்டுக்காரரிடம் விடுவது நல்ல வழி.

பதிவுகளும் கடனும்

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பெயிண்டர்களும் உறுப்பினராகலாம். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். தொழிலைச் சிறு நிறுவனமாகப் பதிவதற்கான உத்யம் இணையப் பதிவு 2020 சூலை 1 முதல் உள்ளது. அதற்குக் கட்டணம் இல்லை. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றி வங்கிக் கடன் பெறலாம். கைக்கருவிகளும் ஏணியும் வாங்க இத்தொகை பெரும்பாலும் போதுமானது.

விளம்பரம்

சிறு நகரத்தில் பயன்தரும் வழிகள் சில:

- வன்பொருள் கடைக்காரர், கொத்தனார், மேஸ்திரி, மின்பணியாளர் ஆகியோருடனான பழக்கம். புதிய வீடு எங்கே எழும்புகிறது என்பது இவர்களுக்கே முதலில் தெரியும்.
- ஒரே சுவரை, ஒரே இடத்தில் நின்று, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள். இவற்றை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் இடலாம். வீட்டுக்காரரின் இசைவு பெற வேண்டும். முகவரியும் குடும்பத்தினரும் படத்தில் வரக் கூடாது.
- கூகுள் வரைபடத்தில் கட்டணமின்றித் தொழிலைப் பதிவு செய்தல். வெளியூரில் இருந்துகொண்டு சொந்த ஊர் வீட்டைப் பராமரிப்பவர்கள் இதன் வழியே தேடுவர்.
- வேலை நடக்கும் நாட்களில், வீட்டுக்காரரின் அனுமதியோடு வாசலில் கட்டும் சிறு தட்டி.
- கோயில் திருவிழா நோட்டீசில் தொழிலின் பெயரும் தொலைபேசி எண்ணும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பாறைகளிலும் பழஞ்சுவர்களிலும் பெயரையும் எண்ணையும் எழுதுவது செஞ்சியில் பெருங்குற்றமாக முடியலாம். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சிதைப்பவருக்கு, 2010இல் திருத்தப்பட்ட 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி, 2 ஆண்டுகள் வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அதே சட்டம் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டரைத் தடைசெய்யப்பட்ட பகுதியாகவும், அதற்கப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் வகுக்கிறது. அங்குள்ள வீடுகளில் பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு வேலைகளை ஏற்குமுன் உரிய அனுமதி உள்ளதா என்று கேட்டறிய வேண்டும். பிறர் சுவர்களில் இசைவின்றி விளம்பரம் எழுதுவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் உள்ளது.

மழைக்குப் பிந்தைய பார்வை

வேலை முடித்த வீட்டை அடுத்த பருவமழை ஓய்ந்ததும் ஒருமுறை போய்ப் பார்த்து, உரிந்த இடங்களைக் கூலியின்றிச் சரிசெய்து தருவது செலவு குறைந்த விளம்பரமாகும். எந்தச் சுவர் தாங்கியது, எது தாங்கவில்லை என்பதையும் அந்தப் பார்வையே கற்றுத்தரும். இந்த வாக்குறுதியை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிக் கொடுப்பவர், ஈரச் சுவரில் அவசரமாகப் பூச ஒப்புக்கொள்ள மாட்டார். சுவர் காயவில்லை எனில், பொங்கலுக்கு முகப்பையும் நடுக்கூடத்தையும் மட்டும் சுண்ணாம்பு பூசி முடித்து, எஞ்சியதை மாசி மாதத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று சொல்லும் துணிவு அவருக்கு இருக்கும். அப்போதைக்கு ஒரு வேலை தள்ளிப்போனாலும், ஊருக்குள் அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டாகும்.