வைரத் துகளே வெப்பமானி

உடும்பஞ்சோலை ஏலத் தோட்டத்து லயங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், வெப்பமானியை அக்குளில் வைத்துப் பார்க்கிறோம். அது உடலின் சூட்டைத்தான் கூறும். உடலை ஆக்கும் உயிரணு ஒன்றினுள் உள்ள சூட்டைக் கூறாது. மயிரிழையின் பருமனிலும் சிறிய உயிரணுவினுள் எந்தப் பாதரசக் குழாய் புகும்?

மயிரிழையில் பல நூற்றில் ஒரு பங்கான நானோ வைரத் துகள் புகும். வைரத்தில் சிற்சில இடங்களில் கரியணுவுக்குப் பதிலாக நைட்ரஜன் அணு அமர்ந்திருக்கும்; அதன் அருகே ஓரிடம் காலியாக இருக்கும். அக்குறையின்மீது பச்சை ஒளி பட்டால் அது சிவப்பொளி வீசும். விநாடிக்கு ஏறத்தாழ 287 கோடி அதிர்வுடைய நுண்ணலை பட்டதும் அவ்வொளி சற்று மங்கும். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், ஒளி மங்கும் அதிர்வெண் சுமார் 74,000 குறையும். இக்குறைவைக் கொண்டே வெப்பத்தை அறிகிறோம்.

2013-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர், மனித உயிரணுவினுள் இத்துகளைப் புகுத்தி அளந்து காட்டினர். புற்றணுவைச் சூட்டால் அழிக்கும்போது, அண்டையிலுள்ள நல்ல அணு வேகாதிருக்க இத்தகைய அளவீடு வேண்டும். ஆயினும் இது இன்னும் ஆய்வுக்கூடத்துக் கருவியே.

வைரம் ஒளிரும் விதத்தை முன்னரே ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நமது மலையைச் சேர்ந்தவர். உடும்பஞ்சோலைக்குத் தெற்கே பீர்மேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி, 1940 முதல் பெங்களூரில் சர் சி. வி. இராமனிடம் முப்பதுக்கு மேற்பட்ட வைரங்களை ஆராய்ந்தார். முதுகலைப் பட்டம் இல்லையென்று அவருக்கு டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. பின்னர் வானிலைத் துறையில் சேர்ந்து, வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சொல்லிவைப்போமாக.